ஏழாவது டிகிரி

என் கணவர் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். நடுவில் ஒரு ராத்திரி முழுக்க ரயில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு பிரசவ லீவுக்குக்கூடத் தேறாது என்று என் அக்கா கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். போனை வைத்த பிறகு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இருவருக்கும் ஒரே தொழில்தான். உலோகங்களைக் கலந்து உருக்கி, அந்தக் கலவை மீக்கடத்தியாகுமா என்று பார்ப்பது. அதாவது, நன்றாகக் குளிரவைத்தால் துளித் தடையும் இல்லாமல் மின்சாரம் அதில் ஓடுமா என்று. அவர் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே அணுக்கள் எப்படி வரிசை கட்டி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். நான் திரவ ஹீலியத்தில் இறக்கி மின்தடையை அளப்பேன். எங்கள் ஆய்வகத்திலும் ஓர் எக்ஸ்ரே எந்திரம் இருக்கிறது. அதை ஓட்டத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் அதன் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூஜ்யம். காலையில் வணக்கம் சொன்னால், பதிலுக்கு “பூஜ்யம் வந்துச்சா?” என்பார். மின்தடை பூஜ்யத்தைத் தொட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். போன மாதம் அவரே ஒரு வாக்குக் கொடுத்தார்.

“இந்தப் புதுக் கலவையில பூஜ்யம் காட்டிடும்மா. மேல பேசி எக்ஸ்ரேக்கு ஒரு வேலை வாங்கிடறேன். உன் வீட்டுக்காரரையே கூப்பிட்டுக்கலாம்.”

அதற்குப் பிறகு அந்தக் கலவையை நான் வெறும் உலோகமாகப் பார்க்கவே இல்லை.

நகத்தளவுச் சில்லு. அதில் நான்கு கம்பிகள் ஒட்ட வேண்டும். மின்சாரம் அனுப்ப இரண்டு, அளக்க இரண்டு. வெள்ளிப் பசையால் ஒட்டுவதுதான் எங்கள் வழக்கம். அது காய ஒரு நாள் பிடிக்கும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, அன்றைக்கே குளிர்க்குடுவைக்குள் இறக்கிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் திரையில் கோடு மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. இதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற அடிமட்டத்துக்கு ஏழு டிகிரி இருக்கும்போது, கை தவறிய தட்டு மாதிரி ஒரேயடியாக விழுந்தது. பூஜ்யம். தலைவர் ஓடி வந்து பார்த்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தன் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அன்று என் கணவருக்கு விடுமுறை, வீட்டில் இருந்தார்.

“பூஜ்யம்!” என்றேன்.

“ஏன், அவருக்கு என்ன ஆச்சு?”

“அவரில்லங்க, நிஜமான பூஜ்யம். வந்துடுச்சு. நீங்க வரலாம்.”

 அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், எதுவோ தொப்பென்று விழும் சத்தம்.

“என்ன பண்றீங்க?”

“பரண் மேலேருந்து பெட்டியை இறக்கினேன்.”

“நல்லா இருக்கே! ஆர்டர் வரவே ரெண்டு மாசம் ஆகும்.”

“ஆகட்டும். கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்.”

பெட்டியின் தூசியில் அவர் தும்மினார், தும்மிக்கொண்டே சிரித்தார். இந்தத் தும்மலை அடுத்த அறையிலிருந்து கேட்க வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

“ஆமா, டாக்டரம்மா, எத்தனை டிகிரியில விழுந்துச்சு?”

“ஏழுல.”

தும்மல் நின்றது.

“கம்பியை எதை வெச்சு ஒட்டினே?”

 எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பற்றவைக்கும் ஈயம் ஏழாவது டிகிரியில் தானே மீக்கடத்தியாகிவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே விரல் நீட்டிச் சொல்வது. ஈயம் வழிந்து கம்பிக்குக் கம்பி பாலம் போட்டிருந்தால், மின்சாரம் கலவையைத் தொடாமல் அதன் வழியே போயிருக்கும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பௌதிகமும் அறியாது போலிருக்கிறது.

“கேக்காம விட்டிருக்கலாம்ல?” என்றேன். எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம்.

“முழுங்கிடலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் அங்க வந்து, தினமும் உன் மூஞ்சியை எப்படிப் பாக்கறது?”

தலைவரிடம் சொன்னேன்.  நான் திருப்பி நீட்டிய பேனாவை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“எதுக்கும் இன்னொரு தடவை அளந்துடு. நிஜமாவே இருந்தாலும் இருக்கும்.”

ஈயத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். வெள்ளிப் பசையால் ஒட்டி, காயும்வரை காத்திருந்து, மறுபடி இறக்கினேன். இந்த முறை என் கணவரும் போனில் கூடவே இருந்தார். நான் டிகிரியைச் சொல்லச் சொல்ல அவர் “உம்” கொட்டினார். ஏழு வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஆறு. ஐந்து. கோடு படுத்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு குளிரவைத்தாலும் இறங்க மாட்டேன் என்று ஒரே மட்டத்தில் நீண்டுகொண்டே போனது.

“நின்னுடுச்சுங்க. பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல.”

“நீ அனுப்பின சில்லை நான் எக்ஸ்ரே எடுத்தப்பவே லேசா சந்தேகம்தான். அணுவெல்லாம் அங்கங்க இடம் மாறி உக்காந்திருந்துச்சு.”

“நம்மள மாதிரி.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குடுவையில் மிச்ச ஹீலியம் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது.

“பெட்டி எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“கட்டில்கிட்டதான். ராத்திரி எழுந்தா கால்ல இடிக்குது. பரண்லயே ஏத்திடவா?”

“வேண்டாம்,” என்றேன். “இடிக்கட்டும்.”