அக்கா கொடுத்தது

தெர்மாமீட்டரில் நூற்றொன்று புள்ளி நான்கு. அவன் அதை அணைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடியும் நாக்குக்கடியில் வைத்துப் பார்த்தான். நூற்றொன்று புள்ளி ஐந்து. குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி, "ஏங்க, வேலைக்கு நேரமாகலையா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள். "இதோ" என்றான். காய்ச்சல் என்றால் யாருக்கும் பயம் வரும். அவனுக்கு முதலில் வந்தது குழப்பம்தான். ஏழு மாதமாக அவன் உடம்பு எதற்கும் சூடானதில்லை. அது சும்மா கிடக்க வேண்டும் என்றுதான் காலையிலும் மாலையிலும் மாத்திரை விழுங்கச் சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க, இப்போது உள்ளே விழித்துக்கொண்டது எது? விழித்தது நல்லதற்கா கெட்டதற்கா?

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களை மாடிக்கு ஏற்றியும் இறக்கியும் விட்டவன், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். கேட்காமலேயே முன்வந்தவள் அக்கா. அவளுக்கு வாடகைக் கார் நிறுவனத்தில் ஃபோன் எடுக்கும் வேலை. நாள் முழுக்க "சொல்லுங்க, எங்கே வரணும்?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் யார் கூப்பிட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது "சொல்லுங்க"தான். சிறுநீரகம் தருகிற விஷயத்தையும் வண்டி அனுப்புகிற மாதிரிதான் முடித்துவிட்டாள். "எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ண எடுத்துக்கோ. எப்ப வரணும்னு மட்டும் சொல்லு."

அறுவைக்கு முன்னால் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்ப்படுகிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, நம்முடையதா இல்லையா என்று சோதிக்கும். இல்லையென்றால் கிருமியா சிறுநீரகமா என்றெல்லாம் பார்க்காது, அழிக்கக் கிளம்பிவிடும். ஒருமுறை சண்டை போட்ட கிருமியை மறக்கவும் மறக்காது. அதனால்தான் அவற்றின் வேகத்தைக் குறைக்க ஆயுளுக்கும் மாத்திரை.

"கூடப் பொறந்த அக்கா டாக்டர். அதுக்கும் அவ அந்நியமா?"

"உங்களுக்குத்தான் அக்கா. உங்க ரத்தத்துக்குக் கொஞ்சம் தெரிஞ்ச ஆள், அவ்வளவுதான்."

மாத்திரை வேலை செய்தது. கூடவே கையும் நடுங்கத் தொடங்கியது. பெரிய நடுக்கமில்லை, தேநீர்க் குவளை தட்டில் கடகடவென்று ஆடும் அளவுக்கு. ஒருநாள் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று ஒயரை முடுக்கும்போது திருகாணி கைநழுவி, ஆறு மாடி ஆழத்துக்கும் டிங், டிங் என்று இடித்துக்கொண்டே போய் விழுந்தது. கூட நின்ற ஆள், "என்னண்ணே, கை இந்த ஆட்டம் ஆடுது?" என்று சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்தான். அன்று சாயங்காலம் மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் கை கொஞ்சம் நிதானமாக இருப்பதுபோல் பட்டது. அன்றைக்கும் போடவில்லை. இப்படி ஒன்பது சாயங்காலம். மனைவி நீட்டியதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அவள் திரும்பியதும் உள்ளங்கையில் துப்பினான். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பத்தாவது நாள்தான் இந்தக் காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, படுக்கை கொடுத்து, மத்தியானம் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி மூணுல இருந்து ரெண்டு புள்ளி நாலுக்குப் போயிருக்கு. கிட்னி கஷ்டப்படுது. காரணம் ரெண்டுல ஒண்ணு. உங்க உடம்பு அக்கா கிட்னிய எதிர்க்க ஆரம்பிச்சிருக்கலாம். அப்படின்னா மருந்தக் கூட்டணும். இல்ல, எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கறதப் பார்த்து ஏதோ கிருமி உள்ள பூந்திருக்கலாம். அப்படின்னா மருந்தக் குறைக்கணும்."

"மாத்திச் செஞ்சிட்டா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா காகிதத்தில் இன்னொரு வரியைக் காட்டினார். "ரத்தத்துல மாத்திரையோட அளவு ரொம்பக் கம்மியா இருக்கே. ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர்," என்றாள் மனைவி. "நான்தான் கையில எடுத்துக் குடுக்கறேன்."

தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் எதிலிருந்து? அவன் தலையாட்டியதை நம்பி அவர் தவறான பக்கம் போனால் சாகப்போவது அவன்தானே. அதோடு அக்காவுடையதும்.

"போடல," என்றான். "சாயங்கால மாத்திரை. ஒன்பது நாளா."

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவள் பார்த்தது அவன் உள்ளங்கையை. பிறகு போர்வையின் மடிப்பை நீவிவிட்டு, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிப் போனாள். நிரம்பியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

வயிற்றின் வலது அடிப்பக்கம், அக்காவுடையதை வைத்துத் தைத்த இடத்தில், ஊசி இறக்கிச் சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவன் கிருமியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். உடம்பு எதிர்த்தது என்றால் குற்றம் முழுக்க அவனுடையது; அக்கா கொடுத்ததை அவனே அடித்து விரட்டியதாக ஆகும். கிருமியென்றால் யார்மீதும் பழியில்லை. ஆனால் எதிர்க்கத் தெம்பில்லாத உடம்பில் கிருமி என்றால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். சாவதற்கு வழியுள்ளதைத்தான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று யோசித்தான். காய்ச்சல் மண்டையில் எந்த யோசனையும் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

"வைரஸ்," என்றார் டாக்டரம்மா மூன்றாம் நாள். "பெரும்பாலான பெரியவங்க உடம்புல இது இருக்கும். எப்பவோ லேசான காய்ச்சலா வந்திருக்கும். உடம்பு அதை அடக்கிடும், ஆனா முழுசா விரட்டாது. அது தூங்கும், அணுக்கள் காவல் காக்கும். உங்களுக்கு மட்டும் இது வந்ததே இல்ல. அதனால உங்க அணுக்களுக்கு இதை அடையாளம் தெரியல."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"கிட்னியோட. உங்க அக்கா உடம்புல அது அடங்கிக் கிடந்தது. உங்ககிட்ட வந்ததும் எழுந்துடுச்சு. இதுக்குத்தான் ஆறு மாசம் தனியா ஒரு மாத்திரை குடுத்து, போன மாசம் நிறுத்தினேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே இதெல்லாம் சொன்னேனே, நீங்க தலையாட்டினீங்க."

எத்தனையோ காகிதத்துக்குத் தலையாட்டிய நாள் அது. அவனுக்கு வேறொன்று உறுத்தியது. சின்ன வயதில் அக்கா கடித்துக் கொடுத்த மிட்டாயைத் தின்றவன் அவன். ஒரே குவளையில் இருவரும் வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். எச்சிலில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். அப்போது ஒட்டாதது, வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகா ஒட்ட வேண்டும்? "அவங்க புள்ளைங்களை வளர்க்கும்போது வந்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான் மாத்திரை போடாதது..."

"எதிர்ப்பும் லேசாத் தொடங்கியிருக்கு. அது நீங்க செஞ்சதுதான். ஆனா மருந்து கம்மியா இருந்ததால வைரஸ் கொஞ்சம் மெதுவா வளர்ந்திருக்கவும் கூடும். நல்லதுன்னு சொன்னா மறுபடி செய்வீங்க. கெட்டதுன்னு மட்டும் சொன்னாலும் முழு உண்மையில்ல." அவர் முதன்முறையாகக் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். "கை நடுங்குதுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா வேற மருந்து மாத்தியிருப்பேனே?"

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. உயிரைக் கொடுத்தவர்களிடம் போய்க் கை ஆடுகிறது என்று எப்படிக் குறை சொல்வது என்றிருந்தான்.

வைரஸுக்கு நரம்பில் மருந்து ஏறியது. அடக்கும் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள். கையை நடுக்கியதை மாற்றி வேறொன்று கொடுத்தார்கள். மருந்து தொடங்கிய நான்காம் நாள் காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்பதில் வந்து நின்றது. இன்னும் இறங்குமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்கள். மனைவி இப்போதெல்லாம் அவன் விழுங்கியதும் "வாயைத் தெறங்க" என்றாள். அவன் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். அதில் கோபம் இருந்ததா, பழையபடி அக்கறைதானா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்காவை உள்ளே விட்டார்கள். முகமூடி, கையில் மருந்து தடவிய ஈரம். இத்தனை நாள் ஃபோனிலேயே கேள்வி கேட்டுத் துளைத்தவள், நேரில் கதவருகேயே நின்றாள்.

"கிட்ட வாக்கா. ஒண்ணும் ஆகாது."

"வேணாம்டா." முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னாலதான் வந்துச்சு."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் சொன்னது? மனைவியைப் பார்த்தான். அவள் இல்லையென்று கண்ணால் சொன்னாள்.

"போன மாசம் சளியோட உன் வீட்டுக்கு வந்தேன்ல. மூணு மணி நேரம் பக்கத்துல உக்காந்து தொண்டை கிழியப் பேசினேன். போகாதன்னு உன் மாமா சொன்னாரு, நான்தான் கேக்கல."

"அய்யோ, அது இல்லக்கா."

"அப்புறம் எது? சொல்லு."

அது இல்லை என்பது உண்மை. எது என்பதும் அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் மூன்று மணி நேரப் பேச்சுக்கு வருந்துகிறவள், கொடுத்ததற்கே வருந்தத் தொடங்குவாள். மாத்திரையைத் துப்பியதைச் சொல்லலாம். அவள் அழுகை நின்று, கோபம் வரும், திட்டுவாள், அவனுக்கும் லேசாகும். ஆனால் அதுவும் முழுதாக உண்மையில்லை என்றுதானே டாக்டரம்மா சொன்னார்? எந்த உண்மையைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகாது என்று தெரியாமல், "யாருக்கும் தெரியலக்கா" என்றான்.

அவள் மெல்லக் கட்டிலருகே வந்தாள். போர்வைக்கு மேலே, வலது அடிவயிற்றுக்கு நேராகக் கையை நீட்டி, தொடாமல் ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தினாள். "தொடலாமா?" என்று யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. போர்வை மூச்சுக்கு ஏற்றபடி எழும்பி அந்த விரல்களை உரசியது, தணிந்தது, மறுபடி எழும்பியது. உரசிய இடத்தில் சூடாக இருந்தது. அவள் கைச்சூடா, மிச்சமிருக்கும் காய்ச்சலா என்று அவன் கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தான்.