லைசென்சில் உள்ள எடை

கோடைப் பயணத்தில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குவதற்கான அந்த டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தது மேரன்தான். பின்பக்கம் தனி அறை, அடுக்குக் கட்டில், உள்ளிருந்து தாழிடும் கதவு. பதினான்கு வயதுப் பெண் இரண்டு அண்ணன்களுக்கு நடுவே போர்வைக்குள் உடை மாற்றிய கோடைகள் போதும் என்று அவள் அம்மா டான்யாவும் நினைத்தாள். பழைய டிரெய்லரில் பையன்கள் நிமிர்ந்தால் தலை கூரையில் இடித்தது. சனிக்கிழமை ஐந்து பேரும் டிரெய்லர் வாங்க எல்கார்ட் ஊருக்கு வந்தார்கள்.

விற்பனைக்காரர் யோடர் டிரெய்லரைக் காட்டுவதற்கு முன் அவர்களுடைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதில் இருந்தது. கொக்கியில் அழுத்தும் டிரெய்லரின் பாரமும் உள்ளே உட்காரும் ஆட்களும் அதற்குள் அடங்க வேண்டும்.

"ஒவ்வொருத்தர் எடையும் சொல்லணும். கேக்கிறது மரியாதை இல்லதான். ஆனா பிரேக்குக்கு மரியாதை தெரியாதே."

டான்யாவின் கணவன் ராய்ஸ், எடை குறித்திருந்த தன் டிரைவிங் லைசென்சை நீட்டினான். அவளுடையதையும் வாங்கிக் கொடுத்தான்.

"அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

டான்யாவின் லைசென்சில் இருந்த எடை, மூத்தவன் கோல்பி பிறப்பதற்கு முன் அவளே சொன்னது. புதுப்பிக்கும்போதெல்லாம் புகைப்படம் மாறியது. எடையை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ராய்சுடையதும் அப்படித்தான். பெல்ட் எட்டாமல் அவன் அதன் நுனியில் ஆணியால் புதுத் துளை போட்டதை அவள் பார்த்திருந்தாள்.

பையன்கள் தங்கள் எடையைச் சொன்னார்கள். மேரன் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நூத்தி எண்பத்தேழு."

"பவுண்டுதானே? கிலோ இல்லையே?" என்றான் சின்னவன் ட்ரெண்ட்.

யோடர் கூட்டிப் பார்த்தார். மயிரிழையில் அடங்கியது. "எடைமேடையில ஏத்திப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. எங்க வழக்கம் அது."

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினார்கள். பிக்கப் மட்டும் மேடையில் நிற்க, டிரெய்லர் பின்னால் தரையில் நின்றது. ஐந்து பேரும் வண்டிக்குள் இருந்தார்கள். எதிரே பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

யோடர் ராய்சின் ஜன்னலருகே வந்தார். "எண்பது பவுண்டு கூட இருக்கு. யாரோ குறைச்சுச் சொல்லியிருக்கீங்க. ஒவ்வொருத்தரா இறங்கினா தெரிஞ்சிடும்."

"எல்லாரும் எதுக்கு? யாருன்னுதான் தெரியுமே." ராய்ஸ் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான்.

"நான் சரியாத்தான் சொன்னேன்பா. போன வாரம்தான் ஸ்கூல் நர்ஸ் பாத்தாங்க."

"அந்த மெஷின் பாதியிலேயே உசுர விட்டுருக்கும்," என்றான் ட்ரெண்ட். கோல்பி சிரித்தான்.

டான்யா திரும்பினாள். மகள் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் யோடர் அவளை இறக்குவார். பலகையில் அவளுடைய எண் தெரியும். பையன்கள் பார்ப்பார்கள்.

"விடு ராய்ஸ்," என்றாள். "பொம்பளப் புள்ள. வெக்கப்பட்டுக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருப்பா. அதப் போய் பெருசு பண்ணாத."

மேரன் கதவைத் திறந்து இறங்கினாள். மேடையை விட்டு விலகி நின்றாள். எண்கள் சரிந்து நின்றன. யோடர் பலகையைப் பார்த்து மனதுக்குள் கழித்தார்.

"நூத்தி எண்பத்தேழு. பாப்பா சரியாத்தான் சொல்லியிருக்கு."

ராய்ஸ் ஸ்டியரிங்கை விரலால் தட்டினான். டான்யா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை மூடினாள்.

"இப்ப எல்லைக்குள்ள இருக்கா, இல்லையா?" என்றான் ராய்ஸ்.

"இருக்கு. ஆனா..."

"அவ்வளவுதான் வேணும்."

"இதவிடச் சின்னது ஒண்ணு இருக்கு. தனி அறை கிடையாது. அஞ்சு பேரும் போகலாம்."

"சின்னது எங்ககிட்டயே இருக்கே. மேரன் இந்த வருச லீவுக்கு லோர்னா அத்தை வீட்டுல இருக்கட்டும். அவளுக்கும் துணையா இருக்கும். காலையில நடக்கவும் கூட்டிட்டுப் போவா."

யோடர் டான்யாவைப் பார்த்தார். அவள் பலகையைப் பார்த்தாள்.

மேரன் மேடையை மிதிக்காமல் சுற்றி வந்து, அம்மாவின் ஜன்னலுக்கு நேரே நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அம்மா, நீயும் ஒரு தடவை இறங்கேன்."

"எதுக்கு?"

"சும்மா. இறங்கேன்மா."

"எல்லாரும் ஏறி இறங்கிட்டிருந்தா அவர் எப்ப வேலையப் பாக்கிறது? தள்ளி நில்லுடி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

டான்யா பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி மெல்ல ஏறி மூடிக்கொண்டது. மகளின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று புரிந்துகொள்ளச் சத்தம் தேவைப்படவில்லை.

ராய்ஸ் தன் பக்க ஜன்னல் வழியே யோடரைக் கூப்பிட்டான். "பேப்பரை இங்கயே கொண்டு வாங்க. ரெண்டு பேருமே போடுறோம்."

பேனா முதலில் டான்யாவிடம் வந்தது. அவள் கையெழுத்திட்டாள்.

பின்சீட்டில் கோல்பி, தங்கை விட்டுப்போன இடத்தில் காலைத் தூக்கிப் போட்டான்.

"இப்பதான் உக்கார முடியுது," என்றான்.