மீன் தண்ணீர் ஊற்றிய ஞாயிறு

1

இந்தக் கதை ஸோம்பா ஊருக்குப் போகும் மினிபஸ்ஸில் கிடைத்தது. எனக்கு முன்சீட்டில் ஒரு பெண், மடியில் காலி நாய்ச்சங்கிலி. "மீன் தண்ணிய நக்கித்தான் செத்துச்சு. ஊத்துனது நான்தான்" என்று கண்டக்டரிடம் சொன்னாள். அவன் எதுவும் விசாரிக்கவே இல்லை. பக்கத்தில் அவள் கணவன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான், கடைசிவரை வாய் திறக்கவில்லை.

மீன் தண்ணீர் குடித்து எந்த நாய் சாகும்? அந்தத் திறக்காத வாய்க்குள் என்ன இருந்திருக்கும் என்று நானாக எழுதிப் பார்க்கிறேன். அவளுக்கு லினெஸி என்றும் அவனுக்குக் கம்வெண்டோ என்றும் பெயர் வைத்துவிட்டேன். நாய், ஸிகோமோ.

2

ஸிகோமோ சாகிற அன்று காலை மழை விட்டு

(வேண்டாம். முதல் வரியிலேயே கொல்ல மனசு வரவில்லை.)

வீட்டைச் சுற்றி வாசற்படி வரைக்கும் மக்காச்சோளம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஜனவரியில், பயிர் முழங்கால் உயரம் வந்தபோது படைப்புழு விழுந்தது.

"புழுவுக்குக் குறுணை மருந்து வாங்கியாரேன், அமாயி." கம்வெண்டோ பெண்டாட்டியை அமாயி என்பான், அவள் அவனைப் பம்போ என்பாள்.

"வாசல்லயா? கோழி மேயுது, நாய் படுக்குது. உசிப்பா மீன் வேகவச்ச தண்ணிய குருத்துல ஊத்துனா எறும்பு வரும், பம்போ. எறும்பு புழுவத் தின்னுரும்."

"எறும்ப நம்பினா ந்சிமாக் களி கிண்ட மாவு இருக்காது."

"போன வருசம் உங்க பேச்சக் கேட்டுத்தான் பட்டினி கெடந்தோம்."

அவன் சிரித்தான். "சரி. உன் எறும்புக்கே விருந்து வை."

3

ஞாயிறு காலை அவள் தேவாலயத்துக்குப் போனதும், கம்வெண்டோ அவளுக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்த மருந்தை ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டான்.

(இங்கே அவனை அயோக்கியனாக்கி ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். அவன் நினைத்தது இவ்வளவுதான்: புழு சாகட்டும், எறும்புதான் தின்றது என்று அவள் பெருமை பேசட்டும், நான் தோற்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இந்தப் பாழாய்ப்போன அன்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.)

மருந்து போட்ட கையைக் கழுவிக்கொண்டு தேவாலயத்துக்கு அவனும் போனான். திரும்பி வரும்போது அவன் பின்தங்க, முன்னால் வந்த லினெஸி குருத்துகளில் மீன் தண்ணீரை ஊற்றி முடித்திருந்தாள். வாசனை பிடித்த ஸிகோமோ ஒவ்வொரு குருத்தாக நக்கிக்கொண்டே போனது.

4

வாயில் நுரை. பின்னங்கால்கள் மடங்கின. கால்நடை ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

(மருத்துவர் சைக்கிளில் வந்து ஊசி போடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். மினிபஸ்ஸில் அவள் மடியில் அந்தச் சங்கிலி இருந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?)

"பாலக் குடுங்க. ஏதாவது குடுங்க" என்று லினெஸி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மீனு கெட்டுப்போயிருந்துச்சா? நானே கொன்னுட்டனா?"

ஸிகோமோ அந்த நிலையிலும் அவள் கையை நக்கத் தலையைத் தூக்கியது. கம்வெண்டோ பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான்.

"தொடாத. போய்க் கையக் கழுவு."

"ஏன்?"

5

கம்வெண்டோ சொன்னான்:

இதற்குமேல் எழுத வரவில்லை. சொன்னால் அவன் இந்த வீட்டில் என்னவாக இருப்பான்? சொல்லாவிட்டால் அவள் சாகிறவரை மீன் கழுவும்போதெல்லாம் அழுவாள். இரண்டிலும் நாய் பிழைக்காது. பேருந்தில் அவன் தேர்ந்தெடுத்ததைப் பார்த்தேன், அதை என் கையால் இன்னொரு தரம் எழுத மாட்டேன்.

நீங்கள் அவனுக்காகச் சொல்லிவிடுங்கள். தட்டிவிடப்பட்ட கையோடு அவள் இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.