நாற்பதாயிரம் ஓட்டுநர்களும் ஓர் அத்தையும்

கம்ப்யூட்டருக்குள் நாற்பதாயிரம் கார்களை ஓட்டுகிற மனுஷனுக்குத் தன் ஒரு காரை ஆபீஸ் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? பொறியாளருக்கு அன்று காலை அந்த நிலைமைதான்.

எந்த ஓட்டுநர் எந்த வழியில் போவார், எங்கே நெரிசல் சேரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அன்று அதைத் தலைமை அதிகாரி முன்னால் காட்ட வேண்டும். பிடித்தால் திட்டம் பிழைக்கும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்றைக்கென்று பார்த்து ஆபீஸ் போகும் வழியில் இருக்கிற பாலத்தையும் பழுதுபார்க்க மூடுகிறார்கள்.

முந்தின நாள் சாப்பிடும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு எல்லாரும் பெரிய ரோட்டுலதான் போய் மாட்டுவாங்க, அத்தை. கிடங்குக்குப் பின்னால இருக்கிற சந்து காலியா கிடக்கும். நான் அதுலதான் போகப்போறேன்."

மருமகனை மாமியார் மதித்துக் கேட்பதே அபூர்வம். அன்று இரண்டு தரம் வழி கேட்டுக்கொண்டார். பொறியாளருக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அதே சந்தில் முன்னால் நகர வழியில்லை, பின்னால் திரும்ப இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர், சின்ன மாமனார், மனைவியின் தையல்காரி என்று தெரிந்த முகங்களாக நின்றுகொண்டு நன்றியோடு கையசைத்தார்கள். தூரத்தில் பெரிய ரோட்டில் ஈ காக்கை இல்லை.

பின்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. தலைமை அதிகாரி.

"நீங்களுமா சார்?"

"வீட்டுக்காரி அனுப்பிவிட்டா. யாரோ பெரிய நிபுணர் சொன்னாராம்."

மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது நான்தான் சார்," என்றார். லேப்டாப்பைக் காரின் பானெட் மேல் வைத்துத் திறந்தார். திரையில் அந்தச் சந்து பச்சைப்பசேலென்று காலியாகக் கிடந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார்.

"உங்க ஓட்டுநர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார். ரோட்டைப் பார்த்து அவங்கவங்களே முடிவு பண்ணுவாங்க."

"உலகத்துல அப்படி யாருய்யா இருக்காங்க? நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"மாமியார்கிட்ட."

"அவங்களையும் இதுல சேர்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் திட்டத்தை நிறுத்த மாட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது பொறியாளருக்கு. அங்கேயே நின்று மாமியாருக்கு போன் போட்டார்.

"அத்தை, எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க? கணக்குல சேர்க்கணும்."

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்."