ஆப்பின் தடித்த பக்கம்

லாரியில் ஏதாவது கோளாறு இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பழி லாரிக்காரரின் கைமேல் விழுந்துவிடும். போன வாரம் வண்டி ஓரம் பாய்ந்து ஒரு சைக்கிள்காரரைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்தது. அந்த மனுஷன் தப்பியது அவர் செய்த புண்ணியம். "வண்டி அலையல, உங்க கைதான் நடுங்குது. சாவியக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. முதலில் வண்டியைப் பார்க்கட்டும் என்று இவர் மல்லுக்கு நின்றார். பார்க்க வந்தவன் அவளுடைய தம்பி, மெக்கானிக்.

பழைய வண்டி. கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, பெரிய டயர் மாட்டியிருந்தார். கழுதைக்கு ஒட்டகக் கால் வைத்த மாதிரி நின்றது.

மைத்துனன் டயரில் காற்றைப் பார்த்தான். லாரிக்காரர் ஸ்டீயரிங்கை ஆட்ட, கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தான். "இதுவும் நல்லா இருக்கு மாமா" என்று அவன் சொல்லச் சொல்ல இவர் ஸ்டீயரிங்கை இன்னும் பலமாக ஆட்டினார். தன் வண்டி பழுதாக இருக்கவேண்டும் என்று உலகத்தில் எவனாவது வேண்டிக்கொள்வானா? இவர் வேண்டிக்கொண்டார்.

"மாமா, உங்களுக்கு நல்லா ஆப்பு வச்சிருக்காங்க" என்று கீழிருந்து சிரிப்பு வந்தது.

நிஜமாகவே ஆப்புதான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வுக்காக வைக்கும் இரும்புத் துண்டு. அதன் தடித்த பக்கம் பின்னால் இருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும். இங்கே முன்னால் இருந்தது. வண்டியைத் தூக்கிக் கொடுத்த பட்டறைக்காரன் வண்டியின் மூக்குப் பக்கமாகத் தலையை விட்டு உள்ளே ஊர்ந்தவன். தனக்கு எது பின்னாலோ அதுவே வண்டிக்கும் பின்னால் என்று நினைத்துவிட்டான் மகராசன்.

லாரிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இத உங்க அக்கா காதுல விழற மாதிரி சொல்லு மச்சான்."

ஆப்பைத் திருப்பிப் போட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் மைத்துனன் ஓட்டிப் பார்த்தான். கோடு கிழித்த மாதிரி போனது. இடம் மாறி லாரிக்காரர் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே வெள்ளைக்கோடு சக்கரத்துக்கு அடியில் வந்தது. திருப்பினார், மறுபக்கம் போனது.

"இன்னும் இழுக்குது பாரு. வேற ஏதோ இருக்கு."

மைத்துனன் முன்னால் சாலை காலியா என்று பார்த்தான். "மெதுவாப் போங்க மாமா. இப்ப கைய எடுங்க."

எடுத்தார். வண்டி நேராகப் போனது. ஸ்டீயரிங்குக்கு மேலே இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

மைத்துனன் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து, வண்டியை ஓரங்கட்டச் செய்தான். "அக்காகிட்ட ஆப்புதான் காரணம்னு சொல்லிடறேன் மாமா. அதுவும் பொய் இல்லயே."

"சொல்லாத. அவ நம்பிடுவா."