பேசாமல் படுத்திருக்கும் வேலை

மில் மூடிய பிறகு சென்னகிருஷ்ணன் பார்த்த வேலைகளில் இதுதான் விசித்திரமானது: நோயாளியாகப் படுத்துக் கிடப்பது. நர்சிங் பள்ளியில் அந்த வருஷம் செய்முறைப் பரிட்சையை மாற்றிவிட்டார்கள். முன்னே பாதியைப் பொம்மையை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். இனிமேல் உயிருள்ள ஆளிடம் பேர் கேட்டு, செய்யப்போவதை எடுத்துச் சொல்லி, மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். அந்தப் பயிற்சிக்குத்தான் ஆள் தேடினார்கள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். "உங்க பேரு என்னங்க? ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றினார்கள்.

உக்கடத்திலிருந்து வரும் மிஸ்பா மட்டும் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்கம் எங்கீங்க? ஊட்டுக்காரி போனதிலிருந்து ஊடே காடாட்டக் கெடக்குது."

"அச்சச்சோ, எப்பங்கய்யா?"

"போன ஆடியிலீங்க. பையன் பெருந்துறையில கம்பெனி வேலைங்க..."

மனைவி வெங்கடம்மாள் செத்ததிலிருந்து இதை யாரும் நின்று கேட்டதில்லை. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. பட்டையில் காற்று ஏறும்போதும் பேசினார். மிஸ்பா இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். மணி அடித்துவிட்டது.

"ஏம்மா, பிரஷர் பாக்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?" என்றார் புவனா டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள். "பேசுனா அளவு தப்பாக் காட்டும், பேசாதீங்கன்னு சொல்லோணும்னு எத்தனை வாட்டி சொல்றது? மத்தியானமும் இதே கதைன்னா உன்னையப் பரிட்சைக்கு அனுப்பமாட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்க."

சாப்பாட்டு நேரத்தில் மிஸ்பா குழாயடியில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே நின்றாள். சென்னகிருஷ்ணன் தயங்கித் தயங்கிப் போனார்.

"என்னாலதானுங்க அம்மணி. இனி நான் வாயே தொறக்கமாட்டனுங்க."

"ஐயோ, அப்படிப் பண்ணிப்போடாதீங்கய்யா! நீங்க பேசோணும், நான் நிறுத்தோணும். அதுக்குத்தான் மார்க்கு."

"இதென்னங்க கூத்து! சரி, பேசறனுங்க. நீங்க அதட்டுங்க."

"பெரியவிங்கள அதட்ட வாய் வரமாட்டேங்குதுங்கய்யா."

"என்ற பையன் போன்ல அதட்டுவானுங்க. அப்படி அதட்டுங்க."

அவள் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியே இருந்தது.

மத்தியானம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசலாமென்று நினைத்துக்கொண்டு படுத்தார். பட்டை கையை இறுக்கியதும் வாயில் வந்தது வேறு.

"கடைசியா என்ற கையப் புடிச்சு அவ ஒண்ணு சொன்னாளுங்க..."

"ஐயா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

குரல் நடுங்கவில்லை. சென்னகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டார். காற்று மெல்ல இறங்கியது. மிஸ்பா எழுதி முடித்து, அவர் சட்டைக் கையை இறக்கிவிட்ட பிறகுதான் மணி அடித்தது. டீச்சர் தலையாட்டினார். அடுத்த கட்டிலில் செய்ய வேண்டியதை முணுமுணுத்தபடியே மிஸ்பா நகர்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் போய்விடும், அதுதான் சரி என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது டீச்சர் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க. பரிட்சைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆளுங்களத்தான் படுக்க வெப்போம்."

இது அவருக்குத் தெரியாது. "சரிங்க" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தப் பொண்ண அனுப்புவீங்களா?"

"அனுப்பறனுங்க."

"அது போதுமுங்க."

பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "எங்கீங்க பெரியவரே?"

"சிங்காநல்லூருங்க."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். சென்னகிருஷ்ணன் இறங்கும்வரை அவருடைய பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.