ஒரே தட்டில் நாற்பது உருண்டைகள்

"இடம் பத்தலம்மா, அதான் ரெண்டு தட்டையும் ஒண்ணாக்கிட்டேன்" என்றார் என் கணவர், பெரிய உதவி செய்துவிட்ட பெருமிதத்தோடு.

ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே தட்டில் நாற்பது சாக்லேட் உருண்டைகள்.

இருபதில் ஆரஞ்சு லிக்கர் என்ற இனிப்பு மது. இருபதில் வெறும் ஆரஞ்சுச் சாறு. சாறு கலந்தவை என் தம்பிக்காக. அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு முதல்முறையாக நாலு பேர் நடுவில் வந்து உட்கார இன்றுதான் சம்மதித்திருந்தான். வருகிறவர்கள் இவருடைய அலுவலக நண்பர்கள். தம்பிக்கு மட்டும் தனியாக எதையாவது நீட்டினால் யாராவது காரணம் கேட்பார்கள். அதனால் இரண்டையும் ஒரே அளவில் உருட்டி, ஒரே கோகோ தூளில் புரட்டி, வித்தியாசமே தெரியாதபடி செய்திருந்தேன். தட்டு மட்டும்தான் அடையாளம்.

"மோந்து பாத்தா தெரியாதா?"

"ரெண்டுலயும் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டிருக்கேன்."

"கடிச்சுப் பாத்தா?"

"நாப்பதையுமா? வர்றவங்களுக்கு எச்சிலையா வைக்கறது?"

மணி ஐந்தே முக்கால். ஏழுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அப்போதுதான் ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. தண்ணீர் உறைகிற குளிரில் மது உறையாது. மது சேர்ந்த எதுவும் லேசில் இறுகாது. நானோ தாராளமாகவே ஊற்றியிருந்தேன். சூடான க்ரீமை நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றிக் கலக்கி, அது வெதுவெதுப்பாக ஆறிய பிறகுதான் மதுவைச் சேர்ப்பேன். சூட்டில் சேர்த்தால் வாசனை ஆவியாகப் போய்விடும். ஆக, ஊற்றியதெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் சாறு கலந்தவை கல்லாகும், மது கலந்தவை கொஞ்சம் இளக்கமாக நிற்கும். பல்குச்சியால் குத்தினால் தெரிந்துவிடும்.

ஆறே முக்காலுக்குத் தட்டை எடுத்தேன். முதல் உருண்டையில் குச்சியின் நுனி முறிந்தது. சாறு. அடுத்ததில் மெல்ல இறங்கியது. மது. இப்படியே பிரித்துக்கொண்டு போனேன். முப்பதைத் தாண்டுவதற்குள் அடுப்படி வெக்கையில் எல்லாமே இளக ஆரம்பித்திருந்தன. முப்பத்து மூன்றாவதில் குச்சி பாதி இறங்கி நின்றது. சாறா, மதுவா?

"என்னக்கா, ஊசி போடறியா?"

அடுப்படி வாசலில் தம்பி. இறுகிவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

அவன் தட்டையே பார்த்தான். கைகள் இரண்டையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எவ்வளவு நிச்சயம்?"

"முப்பத்திரண்டு வரைக்கும் சரின்னு நினைக்கறேன்டா."

"நினைக்கறியா?" குரல் தணிந்தது. "ஒண்ணு மாறிப்போச்சுன்னா, எனக்கு அது ஒண்ணோட நிக்காதுக்கா."

பிரித்த உருண்டைகளை எல்லாம் மறுபடி ஒன்றாகவே தள்ளினேன். "அப்ப இதுல ஒண்ணுகூட உனக்கு வேணாம்."

மேடை ஓரத்தில் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் கண்ணில் பட்டது. சாறு கலந்த சாக்லேட்டை அதில்தான் கலக்கினேன். மதுவுக்கு எவர்சில்வர் பாத்திரம். மதியமே தேய்த்து வைப்பதாகச் சொன்னவர் இரண்டையும் தொடக்கூட இல்லை. கிண்ணத்தின் சுவரில் சாக்லேட் கனமாக ஒட்டியிருந்தது. கல்யாணமான நாள் முதல் இவர் பாத்திரம் தேய்க்காததை நான் மெச்சியது இந்த ஒரு முறைதான்.

"இது நிச்சயமா?"

"பழத்தைப் பிழிஞ்ச கை இதுடா."

தம்பி ஒரு கரண்டியை எடுத்துச் சுரண்டி வாயில் போட்டான். "மாமா, உங்க சோம்பேறித்தனத்துக்குக் கோயிலே கட்டலாம்!"

அழைப்பு மணி அடித்தது. கிண்ணத்தோடும் கரண்டியோடும் அவன் கூடத்துக்கு நடந்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"என்ன சார், எங்களுக்கு உருண்டை, உங்களுக்கு வெறும் கிண்ணமா?" என்று ஒருவர் சிரித்தார்.

"அதுல மது இருக்குங்க. நான் குடியை விட்டவன்" என்றான் தம்பி, சுரண்டுவதை நிறுத்தாமல்.